எண்ணெயைக் குறைத்தால் பெஸ்டோ கெட்டுப்போகுமா?

இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் போய் பெஸ்டோவுக்கு எண்ணெயைக் குறைக்கலாமா என்று கேட்டால் பலர் முகம் சுளிப்பார்கள். பாஸ்தாவில் பிசைந்து சாப்பிடும் பச்சை நிற சாஸ் அது. பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, சீஸ், கல் உப்பு ஆகியவற்றைப் பளிங்குக் கல்லுரலில் மர உலக்கையால் நசுக்கி, ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைப்பார்கள். நம் கொத்தமல்லித் துவையலுக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். எண்ணெய்தான் கொஞ்சம் கூடுதல்.

கொஞ்சமா? நாலு பேருக்கான பெஸ்டோவில் சுமார் ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய் சேரும். ஒரு கரண்டிக்கு 120 கலோரி என்றால், சீஸையும் பருப்பையும் கணக்கில் சேர்க்காமலே 600 கலோரி. எண்ணெயைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்த ஒருவர் வீட்டில் இருந்தால், இந்த சாஸ் அவருக்கு மட்டும் கிடையாது என்றாகிவிடுகிறது. ஆனால் அப்படி ஒதுக்கத் தேவையில்லை என்பதற்குச் சாட்சி ஜெனோவாவிலேயே, 160 ஆண்டுகளுக்கு முந்தைய புத்தகம் ஒன்றில் இருக்கிறது.

1863-ல் ஜோவன்னி பாட்டிஸ்டா ராட்டோ வெளியிட்ட ‘லா குச்சினியேரா ஜெனோவேசே’ என்ற சமையல் நூலில்தான் பெஸ்டோவின் குறிப்பு முதன்முதலில் அச்சில் வந்ததாகச் சொல்வார்கள். சில வரிகள்தான். பூண்டு ஒரு பல் என்பதைத் தவிர எதற்கும் அளவு கிடையாது. பேசில் கிடைக்காவிட்டால் மார்ஜோரமும் பார்ஸ்லியும் போதும் என்கிறார். பார்மிசானோடு ஒல்லாந்து நாட்டுச் சீஸும் கலக்கச் சொல்கிறார், துறைமுக ஊராயிற்றே! கொஞ்சம் வெண்ணெய் வேறு. இன்றைக்கு யாராவது இப்படிச் செய்து ‘இதுதான் அசல்’ என்றால் அந்த ஊர்க்காரர்களே சண்டைக்கு வருவார்கள்.

எண்ணெயைத் தாராளமாக விடச் சொன்னவரும் அவர்தான். ஆனால் கடைசி வரியில் ஒன்று சொல்கிறார்: சாஸ் இளகி வருவதற்கு உப்பில்லாத வெந்நீர் சிறிது சேருங்கள். எண்ணெயைக் குறைக்க நினைப்பவருக்கான வழி அங்கேயே இருக்கிறது.

ராட்டோ ஏன் அளவு சொல்லவில்லை? அன்றைய வழக்கம் அது. சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் களிமண் பலகைகளில் எழுதிய குறிப்புகளிலும் பெரும்பாலும் அளவு இல்லை. சமைக்கத் தெரிந்தவருக்கு ஞாபகப்படுத்தத்தான் எழுதினார்கள், கற்றுக்கொடுக்க அல்ல. இங்கிலாந்தில் எலிசா ஆக்டன் 1845-ல் ஒவ்வொரு குறிப்பின் கீழும் பொருள்களையும் அளவையும் தனியாகப் பட்டியலிட்டார். அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896-ல் கரண்டியில் தலை தட்டி அளக்கச் சொன்னார். தமிழில் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-ல் வந்தது. பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லாதவர்களுக்கு இந்த அளவுகள் பெரிய துணை. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. அச்சில் ஏறிய எண்ணைத் தொடக்கூடாது என்ற பயம். ‘கொஞ்சம்’ என்று எழுதியிருந்த வரைக்கும் அந்தப் பயம் இல்லை.

சரி, அளவு சொல்லாமல் விட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். நாலு பேருக்கு, இரண்டு பெரிய கைப்பிடி பேசில் இலை (60 கிராம்), சின்னப் பல் பூண்டு ஒன்று, பைன் கொட்டை அல்லது முந்திரி 20 கிராம், துருவிய பார்மிசான் 30 கிராம், ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. பாஸ்தா வேகும் தண்ணீரில் நாலு கரண்டி எடுத்து வைத்துக்கொள்ளவும். வெறும் வெந்நீரைவிட இது நல்லது. அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் அரைக்கும்போது ஒரு சிட்டிகை போதும்.

முதலில் பூண்டு, உப்பு, பருப்பு. பிறகு இலை, அப்புறம் சீஸ், கடைசியில் எண்ணெய். மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஓட்டவும். ஜார் சூடானால் இலை கறுத்துவிடும். பாஸ்தாவை வடித்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, சாஸையும் எடுத்து வைத்த தண்ணீரையும் சிறிது சிறிதாக விட்டுக் கிளறவும். சாஸை அடுப்பில் ஏற்றவே வேண்டாம்.

பேசிலுக்கு எங்கே போவது என்பவர்களுக்கு: சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சிலை அதே இனம்தான். மணம் சற்று வேறுபடும், தளிர் இலையாகப் பறிக்க வேண்டும். துளசியைப் போட்டால் கிராம்புக் காரம் ஏறிக் கஷாய வாடை வந்துவிடும்.

ஒரு குறை உண்டு. எண்ணெய் நிறைய இருந்தால் மேலே படிந்து காற்றுப் படாமல் காக்கும். இதில் அது இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தாலும் மறுநாளே நிறம் மங்கத் தொடங்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்ளவும்.