மலைச்சரிவு வீடுகளும் முட்டுக்காட்டு வீடுகளும்



சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்வோர் வழியில் முட்டுக்காட்டில் சற்றே இறங்கி, உப்பங்கழியையும் படகுத் துறையையும் பார்த்துவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். அதே ஊரில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலத்தில் தட்சிணசித்ரா என்னும் கலைக்கூடம் அமைந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும்போது குடும்பத்தோடு ஒரு பகற்பொழுதை அங்கே செலவிடுங்கள் என்று இத்திங்கள் பரிந்துரைக்க விரும்புகிறோம். செவ்வாய்க்கிழமை மட்டும் அங்கு விடுமுறை நாள்.

கோயிலையும் கோட்டையையும் காண எத்தனையோ ஊர்கள் உண்டு. இங்கே காணக் கிடைப்பவை வீடுகள். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் பிறந்து, உண்டு, உறங்கி, மூப்பெய்திய வீடுகளைப் போன்றவை. செட்டிநாட்டு வணிகரின் தூண் நிறைந்த இல்லம் ஒருபுறம். கூடத்திலேயே தறி போடப்பட்ட காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளரின் சிறு வீடு மற்றொரு புறம். ஆந்திரக் கடற்கரை ஊரான அரிபுரத்தின் வட்ட வடிவ மண்வீட்டைப் பாருங்கள். புயற்காற்று மோதும் மூலை எதுவும் அதற்கு இல்லை. எழுத்தறியாத எளிய மக்கள் கண்ட பொறியியல் அது. கோட்டயம் பகுதியிலுள்ள புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தின் மர வீடும் அங்கே உண்டு. கேரளத்தின் அத்தகைய பழைய வீடுகளில் நெல் சேமிக்கும் மர அறைக்கே முதலிடம். உணவைத் தரும் நெல்லை எவ்வளவு மதிப்போடு அவர்கள் காத்தனர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த அறை ஒன்றே போதும்.

இவ்வீடுகளுட் சில, பிறந்த ஊரில் இடிபடும் நிலையில் இருந்தபோது விலைக்கு வாங்கப்பட்டு, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, முட்டுக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்தந்த மரபறிந்த கைவினைஞரால் மீண்டும் எழுப்பப்பட்டவை. அமெரிக்காவில் பிறந்து தமிழகத்தில் வாழ்க்கைப்பட்ட கலை ஆய்வாளர் டெபோரா தியாகராஜன் 1984-இல் நிறுவிய சென்னைக் கைவினை அறக்கட்டளையே இப்பணியை மேற்கொண்டது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, எளிய செலவில் வீடு கட்டும் கலையால் புகழ்பெற்ற லாரி பேக்கர் தொடக்க வரைவுகளை அளித்தார். பென்னி குரியாக்கோஸ் அதனைத் தொடர்ந்து நிறைவேற்றினார். 1996 டிசம்பரில் இது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இத்தனை அரிய பணியைப் பாராட்டாமலிருக்க இயலாது. ஆயினும் அக்கூடங்களில் நடந்துவரும்போது ஒரு குறை நெஞ்சை உறுத்தவே செய்கிறது. அடுப்படி இருக்கிறது, அடுப்பு எரியவில்லை. தொட்டில் கட்டும் உத்தரம் இருக்கிறது, குழந்தை அழும் ஓசை இல்லை. வீடு பிழைத்தது, வீட்டார் எங்கோ சென்றுவிட்டனர். ஒரு வீடு உயிர் பிழைக்க வேண்டுமாயின் அது பிறந்த ஊரைவிட்டு வந்துதான் ஆகவேண்டுமா? நின்ற இடத்திலேயே, வாழும் மக்களோடேயே அதனைக் காக்க வழியில்லையா?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் பல நாடுகளில் உண்டு. அவற்றுள் ஒன்று நம் வாசகர்களுக்கு ஒரு வகையில் நெருக்கமானது. கல்கத்தாவின் அன்னை தெரசா 1910-இல் ஸ்கோப்யே நகரில் அல்பேனியப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதை நாம் அறிவோம். அந்த அல்பேனிய மக்களின் நாடு கிரேக்கத்துக்கு வடக்கே, அட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கும் சிறிய மலைநாடு. அதன் தென்பகுதியில் ஜிரோகாஸ்தர் என்னும் பழமையான ஊர் மலைச்சரிவு ஒன்றில் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது.

தலைநகர் திரானாவிலிருந்து தெற்கே சில மணி நேரம் பேருந்தில் சென்றால் அவ்வூரை அடையலாம். ஊருக்குள் நடந்துதான் ஏறவேண்டும். தெருவெல்லாம் கல் பாவியவை. மழை பெய்தால் வழுக்கும். மலையுச்சியில் கோட்டை, கீழே திரினோ ஆற்றின் பள்ளத்தாக்கு. இடையே சரிவெங்கும் வீடுகள். சுவரும் கல், கூரையும் கல். ஓட்டுக்குப் பதிலாகச் சாம்பல் நிறக் கற்பலகைகளையே அடுக்கிக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். ஆகவேதான் அதனைக் கல் நகரம் என்கின்றனர்.

வீட்டின் கீழ்த்தளம் சிறு கோட்டையைப் போன்றது; பகைவருக்கு அஞ்சிய காலத்தில் கட்டப்பட்டது. அங்கே கூரையிலிருந்து வழியும் மழைநீரைச் சேமிக்கும் பெரிய தொட்டி உண்டு. முற்றத்து மழையை அண்டாக்களில் பிடித்து வைத்த நம் செட்டிநாட்டுப் பாட்டிமாருக்கு அதன் அருமை புரியும். மேல்தளத்தில் வண்ணம் தீட்டப்பட்ட விருந்தினர் அறை. வீட்டிலேயே சிறந்த அறை அதுதான். வீடு இறைவனுக்கும் விருந்தினருக்கும் உரியது என்று கருதும் பழைய மரபு அம்மக்களுடையது. வழிப்போக்கர் படுத்துறங்கத் தெருப்பக்கம் திண்ணை கட்டிய நம் முன்னோரும் அவ்வாறு எண்ணியவர்களே அன்றோ!

வடக்கே ஓசும் ஆற்றங்கரையில் பெராட் என்னும் மற்றொரு மலைச்சரிவு ஊர் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக எழும் வெள்ளை வீடுகளின் சன்னல்கள் யாவும் ஆற்றை நோக்கியிருப்பதால், அதற்கு ஆயிரம் சன்னல் நகரம் என்று பெயர். அதன் கோட்டை மதிலுக்குள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. துணி உலர்கிறது, திராட்சைக் கொடி படர்கிறது. இவ்விரு ஊர்களையும் அல்பேனிய அரசு 1961-இல் அருங்காட்சியக நகரங்களாக அறிவித்தது. யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் ஜிரோகாஸ்தரையும் 2008-இல் பெராட்டையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. எந்த வீடும் பெயர்க்கப்படவில்லை. ஊரே அருங்காட்சியகம், ஊராரே அதன் காவலர்.

ஆனால் கல்லைக் காத்த அதே அரசு, 1967-இல் சமயங்கள் அனைத்தையும் தடை செய்து, ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் மூடிற்று என்பதையும் மறைக்கலாகாது. குருக்கள் சிறைப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். சிலுவை அடையாளம் வரைவதும் குற்றமாகக் கருதப்பட்ட அந்த ஆண்டுகளில், கதவை அடைத்துக்கொண்டு தாய்மார்கள் தம் மக்களுக்குத் தாழ்ந்த குரலில் செபம் கற்பித்தனர். 1990-இல் தடை தளர்ந்தபோது நம்பிக்கை அணையாமலிருந்ததை உலகம் கண்டது. அது அணையாமலிருந்த இடம் வீடுதான். இல்லமே திருச்சபை என்று நாம் மறையுரைகளில் கேட்பதை அவர்கள் வாழ்ந்தே காட்டினர்.

அங்கேயும் இன்று கவலை இல்லாமல் இல்லை. 1991-க்குப் பின் எல்லைகள் திறந்தன; இளைஞர் கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். ஒரே வீட்டுக்குப் பல வாரிசுகள். அவர்களும் பல நாடுகளில் சிதறியிருப்பவர்கள். கற்கூரையைச் செப்பனிடச் செலவு மிகுதி. யார் செலவிடுவது என்ற வழக்குத் தீருமுன் கூரை சரிகிறது. கூரை சரிந்தால் மழைநீர் இறங்குகிறது. பிறகு சுவர் நிற்பதில்லை. உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் பட்டயம் ஒழுகலை அடைப்பதில்லை.

இதைக் கேட்கும்போது நம் ஊர்க் கதையைக் கேட்பது போலில்லையா? செட்டிநாட்டு வீடுகளுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருளால், பர்மாத் தேக்கைத் தூணாக நிறுத்திக் கட்டியவை அவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபின் அந்த வருவாய் குலைந்தது. முற்றத்தைச் சுற்றி மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை என்று பிரித்த வீடு, தலைமுறை பெருகப் பெருகப் பங்காளிகள் பலருக்குப் பொதுவாயிற்று. பலருக்குச் சொந்தமானதை எவரும் செப்பனிடவில்லை. இடிந்த வீடுகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு விற்பனைக்கு வந்தன. பாட்டியார் திருவிளக்கேற்றிய நிலைப்படி இன்று எந்த ஊர் உணவு விடுதியின் வாயிலில் நிற்கிறதோ, யார் கண்டார்?

செட்டிநாட்டோடு இது முடிவதில்லை. நம் பங்கைச் சேர்ந்த குடும்பங்களிலும் ஓட்டு வீடொன்று பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் வளைகுடாவில், தம்பி சென்னையில், தங்கை மணமாகி வேறு மாவட்டத்தில். பாகப்பிரிவினைப் பேச்சு எழும்போதெல்லாம் மனத்தாங்கல் எழுகிறது. ஆகவே பேச்சையே தவிர்க்கிறார்கள். வீடோ ஒவ்வொரு மழைக்காலமும் சிறிது சிறிதாகக் கரைகிறது. கடைசியில் வீடும் போய், உறவும் போய், வெறும் மனை மட்டும் எஞ்சுகிறது.

எல்லாப் பழைய வீட்டையும் காத்தே தீரவேண்டும் என்று நாம் கூறவில்லை. வறுமையிலும் நோயிலும் விற்கவேண்டிய நிலை வரலாம்; அதில் குற்றமேதும் இல்லை. ஆனால் முடிவெடுப்பது வீட்டாராக இருக்கட்டும், மழையாக இருக்கவேண்டாம். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே உயிலைத் தெளிவாக எழுதி வைத்தல் நலம். உடன்பிறந்தோர் ஆண்டுக்கொருமுறை, கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டியோ கல்லறைத் திருநாளையொட்டியோ, அவ்வீட்டில் ஒன்றுகூடி ஒருவேளை உணவேனும் சமைத்து உண்ணலாம். ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றும் செலவைச் சம பங்காக ஏற்கலாம். விற்றே தீரவேண்டுமாயின், அதற்கு முன் அறை அறையாகப் படமெடுத்து, எந்த அறையில் யார் பிறந்தார், எந்த மூலையில் பீடம் இருந்தது, கிணற்றை வெட்டியவர் யார் என்பதையெல்லாம் முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு சொத்தே.

ஆகவே முட்டுக்காட்டுக்குச் செல்லுங்கள். பிள்ளைகளையும், இயலுமாயின் தாத்தா பாட்டியரையும் அழைத்துச் செல்லுங்கள். அம்மி எது, குதிர் எது, நிலைப்படி ஏன் குனிந்து நுழையும்படி அமைந்தது என்று முதியோரே பேரப்பிள்ளைகளுக்கு விளக்கட்டும். அங்கிருந்து திரும்பியதும், பூட்டிக் கிடக்கும் நம் சொந்த வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று உடன்பிறந்தோருக்கு ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.