யாருக்கு முன்னேற்றம்?

இம்ப்ரூவ்மெண்ட், புரோகிரஸ், அட்வான்ஸ். முதலாளிமார் வாயில் அடிக்கடி புரளும் இங்கிலீஷ் வார்த்தைகள் இவை. மூன்றுக்கும் அகராதி ‘முன்னேற்றம்’ என்றே பொருள் சொல்கிறது. ஆனால், ஆலையில் உழைப்பவனும் வயலில் உழைப்பவனும் அகராதியை மட்டும் நம்பினால் மோசம் போவான். இந்த வார்த்தைகளின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் இம்ப்ரூவ்மெண்ட். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த இந்த வார்த்தைக்கு ஆதியில் என்ன அர்த்தம்? லாபமாக்குவது! நிலத்தை ‘இம்ப்ரூவ்’ செய்வதென்றால் அதன் வரும்படியைப் பெருக்குவது. நிலப்பிரபுவின் லாபமே நாட்டின் நன்மை என்று பிறகு அர்த்தத்தை நீட்டிக் கொண்டார்கள்.

ஸ்காட்லாந்தில் சதர்லாந்து சீமையில் நடந்ததைக் கேளுங்கள். 1814 முதல் 1820 வரை சுமார் 3,000 குடும்பங்கள், 15,000 மக்கள், பரம்பரையாக வாழ்ந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டதாக மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் எழுதுகிறார். 1825-ல் அந்த மக்கள் இருந்த இடத்தில் 1,31,000 ஆடுகள் மேய்ந்தன! ஸ்டிராத்நேவர் பள்ளத்தாக்கில் குடிசைகளுக்குத் தீ வைத்ததாக எஸ்டேட் காரியஸ்தர் பாட்ரிக் செல்லர் மீது 1816-ல் வழக்கு நடந்தது. ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். காலி செய்யப்பட்ட நிலத்தைக் குத்தகை எடுத்து ஆடு மேய்த்தவர் யார்? அதே செல்லர்! எஸ்டேட்டின் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் லாக் 1820-ல் இதை விளக்கிப் புத்தகமே போட்டார். அதன் தலைப்பிலேயே ‘இம்ப்ரூவ்மெண்ட்ஸ்’ என்று பொறித்திருந்தது. கூரை எரிந்தவனிடம் யாராவது தலைப்பைக் கேட்டார்களா?

அடுத்தது புரோகிரஸ். முன்னே அடி வைப்பது என்பது இதன் பொருள். ஆனால், அரசர் பரிவாரத்தோடு ஊர் ஊராகப் பவனி போவதற்கும் இங்கிலாந்தில் இதுவே பெயர். முதலாம் எலிசபெத் ராணி பல கோடைகளில் இப்படி ‘புரோகிரஸ்’ போனாள். சாமான் ஏற்றக் குடியானவனின் வண்டி வேண்டும். சமைக்க அவன் தானியம் வேண்டும். சந்தை விலைக்குக் குறைத்துக் கொடுத்து எடுத்துக் கொள்ள அரண்மனைக்கு உரிமை இருந்தது. முன்னே போனவள் ராணி. சுமந்தவன் குடியானவன்!

மூன்றாவது வார்த்தை நம் வீட்டுக்கே வந்த வார்த்தை. அட்வான்ஸ் என்றால் முன்னேறுவது, முன்பணமும் அதுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் கட்டியது இந்த அட்வான்ஸைக் காட்டித்தான். வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் கடனாக ஏறியது. கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு நகர முடியாது. துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்தது. இன்றும் செங்கல் சூளைகளிலிருந்து முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்படுகின்றன. முன்னேற்றம் என்று பெயர். ஒரு அடி எடுத்து வைக்க விடாத விலங்கு!

முன்னேற்றமே வேண்டாம் என்கிறோமா? இல்லை. இயந்திரம் வரட்டும், விளைச்சல் பெருகட்டும். ஆனால் அளவுகோல் நம் கையில் இருக்க வேண்டும். 1847-ல் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் ஆலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டத்தைப் போராடிப் பெற்றார்களே, அது முன்னேற்றம்! 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. முதலீடு வரும், தொழில் வளரும் என்றுதான் அதற்கும் காரணம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. அதுவும் முன்னேற்றம்!

ஆகவே தோழர்களே, இனி எவனாவது இந்த வார்த்தைகளோடு உங்கள் ஆலை வாசலுக்கோ களத்துமேட்டுக்கோ வந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். கூலி எவ்வளவு ஏறும்? வேலை நேரம் எவ்வளவு குறையும்? எத்தனை பேர் வெளியே போக வேண்டும்?

பதில் வராவிட்டால், முன்னேறப் போவது யார் என்பது தெரிந்துவிடும்!