இரண்டு தீ விபத்துகள் செதுக்கிய ஊர்... டோக்கியோ பக்கத்தில் ஒரு 'குட்டி எடோ'!

டோக்கியோவுக்கு டூர் போகிறவர்களின் லிஸ்ட்டில் ஷிபுயா சிக்னல், டோக்கியோ டவர், டிஸ்னிலேண்ட் கட்டாயம் இருக்கும். ஆனால், டோக்கியோவாசிகளுக்கு ஒருநாள் லீவு கிடைத்தால் எங்கே போவார்கள்? பலர் ரயிலேறிப் போகும் புறநகர்களில் ஒன்று, சைட்டாமா மாகாணத்தில் இருக்கும் கவாகோயே. இகெபுகுரோ ஸ்டேஷனில் டோபு டோஜோ லைன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் சுமார் அரை மணி நேரப் பயணம்தான்.

ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். அபார்ட்மென்ட், ஷாப்பிங் மால், பஸ் ஸ்டாண்டு என எல்லாப் புறநகர்களையும் போலத்தான் இதுவும். அப்படியே வடக்கே அரை மணி நேரம் நடந்தால் காட்சி மாறும். இருபுறமும் கறுப்புச் சுவர்கள், கனத்த ஓட்டுக் கூரைகள், தடித்த ஜன்னல் கதவுகள் கொண்ட பழைய கடைகள். ஊருக்குச் செல்லப் பெயரே 'கோ-எடோ', அதாவது குட்டி எடோ. எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்.

தப்பித்த ஒரு வீடு

இந்தத் தெருவைப் பார்த்ததும் எல்லாமே எடோ காலத்துக் கட்டடங்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. 1893-ம் ஆண்டு ஏற்பட்ட பெரும் தீயில் ஊரின் மூன்றில் ஒரு பங்கு சாம்பலானது. மரமும் காகிதக் கதவுகளுமாக இருந்த வீடுகள் மளமளவென எரிந்துபோயின.

சாம்பலுக்கு நடுவே தப்பி நின்ற சில கட்டடங்களில் ஒன்று, 1792-ல் கட்டப்பட்ட ஓசாவா குடும்பத்தின் கடை வீடு. காரணம், அது 'குரா' முறையில் கட்டப்பட்டது. 'குரா' என்றால் பொருள்களைப் பத்திரமாக வைக்கும் கிடங்கு. மண்ணை அடுக்கடுக்காகப் பூசிய தடித்த சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை. தீப்பிடித்தால் ஜன்னல் கதவுகளைச் சாத்தி, இடுக்குகளை ஈர மண்ணால் அடைத்துவிடுவார்கள்.

இதைப் பார்த்த வியாபாரிகள், 'கட்டினால் இனி இப்படித்தான்' என்று முடிவெடுத்தார்கள். இன்று டூரிஸ்ட்டுகள் செல்ஃபி எடுக்கும் தெரு, அப்படிப் பிறந்ததுதான்.

நான்கு முறை ஒலிக்கும் மணி

தெருவின் அடையாளம் 'தோகி நோ கானே' என்கிற மரத்தாலான மணிக்கூண்டு. உயரம் சுமார் 16 மீட்டர். சுமார் 400 ஆண்டுகளாக இந்த ஊருக்கு நேரம் சொல்லும் மணிக்கூண்டு இது. 1893 தீயில் இதுவும் எரிந்தது. ஆனால், அடுத்த ஆண்டே மறுபடி கட்டிவிட்டார்கள். இப்போதும் காலை 6, பகல் 12, மாலை 3, 6 என தினமும் நான்கு முறை ஒலிக்கிறது.

தீக்குத் தப்பியது... வளர்ச்சிக்கு?

தீயைத் தாங்கிய இந்தக் கட்டடங்களுக்கு அடுத்த ஆபத்து வேறு வடிவில் வந்தது. வியாபாரம் ஸ்டேஷன் பக்கம் நகர, பழைய தெருவில் கூட்டம் குறைந்தது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாமே என்ற பேச்சு எழுந்தது. அப்போதுதான் கடைக்காரர்களும் ஊர்மக்களும் சேர்ந்து 1983-ல் 'குரா நோ காய்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புதிதாகக் கட்டுபவர்களும் தெருவின் அழகு கெடாமல் கட்ட வேண்டும் என்று தங்களுக்குள் விதிகள் வகுத்தார்கள். மின்கம்பிகள் தரைக்கு அடியில் போயின. 1999-ல் தேசிய அளவில் பாதுகாக்கப்படும் பகுதி என்ற அந்தஸ்தும் கிடைத்தது.

ஒரு மீட்டர் நீள மிட்டாய்

குட்டீஸுக்குப் பிடித்த இடம், 'கஷியா யோகோச்சோ' என்கிற மிட்டாய்ச் சந்து. 1923-ல் டோக்கியோவைப் பூகம்பம் சிதைத்தபோது, அங்கே மிட்டாய் அனுப்பி வளர்ந்த சந்து இது. கருப்பட்டி நிறத்தில், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு 'ஃபுகஷி' என்கிற மொறுமொறு தின்பண்டம் இங்கே பிரபலம்.

இன்னொரு ஸ்பெஷல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு. சிப்ஸ், ஐஸ்க்ரீம் என எதிலும் அதுதான். அதற்கு ஒரு சுவாரஸ்யமான கணக்கும் உண்டு. 'குரி யோரி உமாய்' என்றால், செஸ்ட்நட்டைவிட ருசி என்று அர்த்தம். 'ரி' என்பது சுமார் 4 கி.மீ கொண்ட பழைய தூர அளவு. 'கு ரி' என்றால் 9 ரி, 'யோ ரி' என்றால் 4 ரி. கூட்டினால் 13. எடோவிலிருந்து கவாகோயேவுக்குத் தூரமும் 13 ரி என்பார்கள். அதனால் கிழங்குக்கே 'ஜூசான் ரி', அதாவது பதின்மூன்று ரி என்று பட்டப்பெயர்!

இன்னொரு தீ கொடுத்த பரிசு

கடைத்தெருவோடு திரும்பிவிடாதீர்கள். கிதா-இன் கோயிலையும் பார்க்க வேண்டும். 1638 தீயில் இந்தக் கோயில் எரிந்தபோது, மூன்றாவது டோகுகாவா ஷோகன் இயெமிட்சு, எடோ கோட்டையின் சில அறைகளையே பெயர்த்து இங்கே அனுப்பிவைத்தார். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் அறையும் அதில் ஒன்று. டோக்கியோவில் அந்தக் கோட்டை மாளிகை இன்று இல்லை. அதன் அறைகளைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

அதே வளாகத்தில் புத்தரின் சீடர்கள் உள்ளிட்ட 538 கல்சிலைகள் இருக்கின்றன. சிரிப்பவர், அழுபவர், ரகசியம் பேசுபவர் என ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு ரகம். நள்ளிரவில் தலைகளைத் தொட்டுப் பார்த்தால் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். விடிந்ததும் பார்த்தால் அது இறந்துபோன அப்பா, அம்மாவின் முகமாக இருக்கும் என்பது இவ்வூர் நம்பிக்கை.

போகும் முன்...

* செய்பு ஷின்ஜுகு லைனில் ஹோன்-கவாகோயே ஸ்டேஷனில் இறங்கினால் நடை பாதியாகக் குறையும்.

* சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். கடைத்தெருவில் வாகனங்களும் போகும் என்பதால் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

* பல கடைகள் மாலை 5 மணிவாக்கில் மூடிவிடும். 3 மணி மணியோசைக்கு முன்பே போய்விடுங்கள்.

* கடைக்குள் நுழையும் முன் ஒரு நிமிடம் நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பாருங்கள். படிப்படியாக மடிப்பு வைத்த அந்தத் தடித்த கதவுகள் அழகுக்காக வைத்தவை அல்ல... தீக்காக!