பந்தாட்டத் திடலில் ஒரு பெருநாள் தொழுகை



அஸருக்குப் பின் நம்மிடம் ஓதவரும் பிள்ளைகளுள் ஒருவன், சென்ற மாதம் தன் தந்தையின் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பசும்புல் திடல், அதன்மேல் வரிசை வரிசையாய்த் தொழுகை விரிப்புகள், பின்னால் நீல நிற இருக்கைகள். "ஹஜ்ரத், இது இங்கிலாந்துல புட்பால் கிரவுண்டு. பெருநாள் தொழுகை நடத்தியிருக்காங்க. பந்து பார்க்கிறது வீண்னு சொன்னீங்களே?" என்றான்.

வீண் என்று நாம் சொன்னது உண்மையே. நள்ளிரவு தாண்டியும் போட்டி பார்த்துவிட்டு, ஃபஜ்ருக்கு எழாமல், மாலையில் பாடத்தில் உறங்கி விழுந்த பிள்ளையிடம் சொன்னது அது. ஆயினும், ஒன்றை வீண் என்பவர் அது இன்னதென்று அறிந்து சொல்ல வேண்டுமல்லவா? அபிசீனியர் மஸ்ஜிதின் வளாகத்திலேயே ஈட்டி விளையாட்டு ஆடியபோது அதைத் தடுக்காத நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். எனவே அந்தத் திடலின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். பிள்ளையின் கேள்விக்கு அரை நாழிகையில் விடை கூறிவிடலாம் என்று தொடங்கியது, பல இரவுகளை எடுத்துக்கொண்டது. (நாமும் நள்ளிரவு வரை விழித்திருந்தோம் என்பதை மாணவர்களிடம் சொல்லவில்லை.)

திடலின் பெயர் ஈவுட் பார்க். ஊர், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பிளாக்பர்ன். கழகம், பிளாக்பர்ன் ரோவர்ஸ். கழகம் என்றவுடன் நம் ஊரில் வேறொன்று நினைவுக்கு வரும். இங்கு நாம் பேசுவது பந்தாடும் கழகத்தைப் பற்றி மட்டுமே.

1875-ஆம் ஆண்டு, அவ்வூர் இலக்கணப் பள்ளியில் பயின்ற வசதி படைத்த வீட்டு இளைஞர்கள் கூடித் தொடங்கியது அது. ஊரோ பஞ்சாலைகளின் ஊர். நூல் நூற்கும் 'ஜென்னி' எனும் பொறியைக் கண்ட ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் பிளாக்பர்னை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். அந்த ஆலைகள் நெய்து குவித்த துணி கப்பலேறி இந்தியாவுக்கு வந்ததையும், நம் கைத்தறிகள் ஓய்ந்ததையும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1931-இல் காந்தியடிகள் அந்நியத் துணி மறுப்பால் வேலையிழந்த தொழிலாளரை நேரில் காண லங்காஷயர் சென்று, பிளாக்பர்னுக்கு அடுத்துள்ள டார்வெனில் தங்கினார். அவர்கள் அவரை வெறுப்போடு அல்ல, ஆரவாரத்தோடு வரவேற்றனர்.

அந்த ஆலைத் தொழிலாளருக்கு ஆட்டம் எப்படிக் கிடைத்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1850-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்று விதித்தது. அவர்கள் நின்றால் ஆலையும் நின்றது. பொறி ஓய்ந்து, கரி கழுவி, சோறுண்டு வந்து நிற்க ஒரு மணி நேரம். சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டம் என்னும் வழக்கம் அவ்வாறு வேரூன்றியது. இன்று கோடிகள் புரளும் அந்த வணிகத்தின் அடியில் கிடப்பது, உழைப்பாளி போராடிப் பெற்ற அரைநாள் ஓய்வுதான்.

அன்றைக்குப் பந்தாட்டத்தை ஆண்டவர்கள் ஈட்டன் போன்ற பெரும் பள்ளிகளில் பயின்ற கனவான்கள். விளையாட்டுக்குக் கூலி பெறுவது இழிவு என்பது அவர்களின் கொள்கை. பரம்பரைச் சொத்துள்ளவருக்கு இக்கொள்கை எளிது. சனிக்கிழமைக் கூலியை இழந்து வெளியூர் சென்று ஆட வேண்டிய நெசவாளிக்கு? ஃபெர்கஸ் சூட்டர் என்னும் கல்தச்சர் 1878-இல் ஸ்காட்லாந்திலிருந்து டார்வெனுக்கு வந்தார். இங்கிலாந்துக் கல் கைக்குக் கடினமாயிருக்கிறது என்று உளியைக் கீழே வைத்துவிட்டார் என்பர். பிறகு எதைக் கொண்டு பிழைத்தார் என்று யாரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை. 1880-இல் அவர் ரோவர்ஸுக்கு மாறியபோது, பணத்துக்காகவே மாறினார் என்று டார்வென்வாசிகள் கொதித்தனர். ஊரறிந்த உண்மையை எல்லாரும் மறைத்து நடித்த காலம் அது.

1882-இல் எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தில் ரோவர்ஸ், பழைய ஈட்டன் மாணவர் அணியிடம் 1-0 என்று தோற்றது. மறு ஆண்டே, அதே பிளாக்பர்னின் இன்னொரு கழகமான ஒலிம்பிக், நெசவாளரும் நூற்பாளரும் நிறைந்த அணியாக இலண்டன் சென்று, அதே ஈட்டன் அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. கனவான்களின் அணி எதுவும் அதன்பின் அக்கோப்பையை வென்றதில்லை. 1885-இல் ஆட்டக்காரருக்கு ஊதியம் தருவதைச் சங்கம் சட்டபூர்வமாக ஏற்றது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு, இந்த வழக்கில் நியாயம் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. வெற்றி பெற்ற ஒலிம்பிக் ஆறே ஆண்டுகளில், 1889-இல், பணமின்றிக் கலைந்து போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊதியம் சட்டமானதும், ஊதியம் தர வல்ல ரோவர்ஸ் நிலைத்தது. வழி திறந்துவிட்ட ஏழைக் கழகம் மறைந்தது.

ரோவர்ஸ் 1884, 1885, 1886 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வென்றது. 1888-இல் பன்னிரண்டு கழகங்கள் கூடித் தொடங்கிய ஃபுட்பால் லீக்கில் இதுவும் ஒன்று. 1912-லும் 1914-லும் லீக் வாகை. 1928-இல் ஆறாவது முறையாக எஃப்.ஏ. கோப்பை. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின, கழகமும் கீழ்ப்படிகளில் அலைந்தது.

அந்த ஆண்டுகளில்தான் நம் சகோதரர்கள் அவ்வூருக்கு வந்தனர். வெள்ளையர் விரும்பாத இரவு முறை வேலைக்காக, குஜராத்தின் பரூச், சூரத் பகுதிகளிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த முஸ்லிம்கள். ஒரு காலத்தில் எந்த ஆலைகள் இந்தியத் தறிகளை முடக்கினவோ, அதே ஆலைகளின் கடைசிக் காலத்தில் அவற்றை ஓட்டியவர்கள் இந்தியாவிலிருந்து சென்றவர்கள். வரவேற்பு இனிமையாக இருக்கவில்லை. 1976-இல் பிளாக்பர்ன் நகரமன்றத் தேர்தலில், குடியேறியவர்களை எதிர்ப்பதையே கொள்கையாகக் கொண்ட நேஷனல் பார்ட்டி இரண்டு இடங்களை வென்றது. அக்காலத்தில் இங்கிலாந்தின் பந்தாட்டத் திடல்கள், நம் நிறத்தவர் குடும்பத்தோடு துணிந்து செல்லக்கூடிய இடங்களாக இல்லை. திடலுக்கு அண்மையிலேயே குடியிருந்தவர்கள், சனிக்கிழமை ஆரவாரத்தைச் சன்னல் வழியே மட்டும் கேட்டனர்.

இடையே ஒரு செல்வரின் கதை. ஜாக் வாக்கர் பிளாக்பர்னில் பிறந்தவர். தமையனோடு சேர்ந்து எஃகு வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டி, நிறுவனத்தை விற்றபின், சிறுவயதில் பார்த்து வளர்ந்த கழகத்தை 1991-இல் தம் பொறுப்பில் எடுத்தார். திடலைப் புதுப்பித்தார். கென்னி டால்கிலிஷை மேலாளராக அழைத்துவந்தார்; ஆலன் ஷியரரைப் பெரும் விலை கொடுத்து வாங்கினார். 1995-இல், கடைசி நாளில் லிவர்பூலிடம் 2-1 என்று தோற்றும், மான்செஸ்டர் யுனைடெட் மறுபுறம் வெல்லத் தவறியதால், 89-க்கு 88 என்ற ஒரே புள்ளி வேறுபாட்டில் பிரீமியர் லீக் வாகை சூடியது ரோவர்ஸ். 81 ஆண்டுகளுக்குப் பிறகு! 2000-இல் வாக்கர் மறைந்தார். ஒரு மனிதரின் பணம் வாங்கித் தந்த வெற்றிதானே என்று ஏளனம் செய்வோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஈட்டிய பொருளைத் தம் ஊருக்கே திருப்பிய செல்வரை ஏன் இகழ வேண்டும்? ஆயினும் அதில் ஒரு பலவீனம் உண்டு. ஒருவர் தோளில் மட்டும் நிற்கும் கட்டடம், அவர் போனபின் எதில் நிற்கும்?

விடை 2010 நவம்பரில் கிடைத்தது. புனேயைச் சேர்ந்த, கோழி வளர்ப்பில் பெயர்பெற்ற வெங்கீஸ் குழுமம் கழகத்தை வாங்கியது. இந்தியர் ஒருவர் ஆங்கிலேயரின் கழகத்தை வாங்கினார் என்று நம் நாட்டில் பெருமிதம் பேசப்பட்டது நினைவிருக்கும். நாமும் அன்று மகிழ்ந்தோம். அடுத்த மாதமே அனுபவமிக்க மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2012 மே மாதம் கழகம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அந்த இரவு ஆட்டத்தில், கழகக் கொடி போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை யாரோ திடலுக்குள் விட்டனர். அடுத்த பருவத்தில் வந்த மேலாளர் ஒருவர் 57 நாட்களே நீடித்தார். 2017-இல் மூன்றாம் படிக்கே இறங்கி, மறு ஆண்டு ஏறியது.

உரிமையாளர்கள் பணம் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் நட்டத்தை அவர்களே ஈடுகட்டினர். மக்களின் மனக்குறை வேறு. தங்கள் பாட்டனும் தந்தையும் நின்று பார்த்த கழகத்தைப் பற்றிய முடிவுகள், தங்களை ஒரு சொல்லும் கேளாமல் எங்கோ எடுக்கப்படுகின்றன என்பதே அது. இதைப் படித்தபோது நமக்கு நம் மஹல்லாக்கள் நினைவுக்கு வந்தன. பள்ளிவாசலுக்கு அதிகம் தந்தவர் என்பதால் மஷூரா இன்றியே எல்லாவற்றையும் முடிவு செய்பவரை நாம் கண்டதில்லையா? கொடை வேறு, அமானிதம் வேறு. கொடுத்தவர் என்பதால் அமானிதத்தின் உடைமையாளர் ஆகிவிட மாட்டார். இங்கிலாந்து அரசே இதை இப்போது ஒருவாறு ஏற்றிருக்கிறது: 2025-இல் இயற்றப்பட்ட கால்பந்து ஆளுகைச் சட்டம் தனி ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்து, கழகங்கள் ஆதரவாளர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும், திடலை விற்பது போன்றவற்றைத் தன்னிச்சையாகச் செய்யலாகாது என்றும் விதிக்கிறது.

இனி அந்தப் படத்திற்கு வருவோம். 2022 மே 2-ஆம் நாள், நோன்புப் பெருநாள். ஈவுட் பார்க் திடலின் புல்மீதே தொழுகை நடந்தது. இங்கிலாந்தின் தொழில்முறைக் கழகங்களுள் ஆடுகளத்தையே பெருநாள் தொழுகைக்குத் திறந்துவிட்ட முதற்கழகம் இது என அறிவிக்கப்பட்டது. 2021 கணக்கெடுப்பின்படி பிளாக்பர்ன், டார்வென் பகுதியில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர். பெருநாள் தொழுகையைத் திறந்த வெளியில் தொழுவது நபிவழி என்பதையும், இங்கிலாந்தின் வானிலையில் அது எளிதன்று என்பதையும் அறிந்தவர்கள், அந்தக் காலையின் அருமையை உணர்வர். சன்னல் வழியே ஆரவாரம் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தத் திடலின் நடுவே தக்பீர் முழங்கினர்.

நம் வட்டத்தில் சிலர் இதை ஏற்கவில்லை. "டிக்கெட் விற்கத் தந்திரம்" என்றார் ஓர் ஆலிம் நண்பர். ஆட்களை ஈர்க்கும் எண்ணமும் இருந்திருக்கலாம். உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. இடம் தந்தவருக்கு நன்றி சொல்வதே நமக்கு அழகு.

ஆனால் நன்றி சொல்லும் அதே நாவால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்நாட்டுப் பந்தாட்டத்தின் இரத்தத்தில் சூதாட்டப் பணம் ஓடுகிறது. ரோவர்ஸ் ஆடிவந்த இரண்டாம் படி லீக்கின் பெயரிலேயே ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருக்கிறது. பிரீமியர் லீக் கழகங்கள், சட்டையின் முன்புறத்திலிருந்து சூதாட்டப் பெயர்களை 2025-26 பருவத்தின் முடிவோடு எடுத்துவிட 2023-இல் ஒப்புக்கொண்டன. கைப்புறத்தில் ஒட்டலாமாம்! சிறுவர் அளவுச் சட்டைகளில் அப்பெயர்களை அச்சிடுவதில்லை என்னும் விதி அங்கு நெடுநாளாகவே உண்டு. பிள்ளையின் மார்பில் தகாதது தந்தையின் மார்பில் எப்படித் தகும் என்று அங்கு கேட்டவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். சூதில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் கேட்டனர்.

பெற்றோர்களே, நம் வீட்டில் பிள்ளை போட்டி பார்க்கும்போது ஆட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. ஓரப் பலகையில் ஓடும் பெயர்களையும், இடைவேளையில் வரும் 'கணித்து வெல்லுங்கள்' என்னும் அழைப்பையும் சேர்த்தே பார்க்கிறான். ஆட்டத்தை முற்றிலும் தடுக்கும் வீடுகளில், அவன் நண்பன் வீட்டில் தனியே பார்க்கிறான். அதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அருகில் அமர்ந்து, எது ஆட்டம், எது சூது என்று பிரித்துக் காட்டும் தந்தை அங்கு இல்லை. தடைவிதிப்பதைவிட உடனிருப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நம் முந்தைய சொல்லையும் அந்த அளவில் திருத்திக்கொள்கிறோம்.

இவற்றில் பாதியை அந்த மாணவனிடம் இரண்டு மாலைகளில் சொன்னோம். கல்தச்சரின் கதையில் சிரித்தான்; ஒலிம்பிக் கலைந்துபோனது கேட்டு வருந்தினான். ஃபஜ்ருக்கு வந்தால் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று உடன்பாடு. கடந்த மூன்று வாரங்களில் இரண்டு நாள் மட்டும் தவறவிட்டான். நேற்று வந்து, அந்த நீலமும் வெள்ளையும் பாதிப் பாதியான சட்டை இங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டான். சிறுவர் அளவில் வாங்கு என்றோம்.