மடகாஸ்கர் அந்துப்பூச்சி: 1903இல் முடியாத கதை

அறிவியல் கட்டுரை எழுதப் புகும் நம்மவர்க்கு மிகவும் பிடித்த கதை ஒன்றுண்டு. 1862இல் மடகாஸ்கரின் ஆர்க்கிட் மலரொன்று டார்வின் கைக்கு வந்தது. அதன் தேன்குழல் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர், தேனோ அடிமுனையில். அதை எட்டவல்ல அந்துப்பூச்சி அத்தீவில் இருந்தாக வேண்டும் என்றார். 1903இல் பூச்சி கிடைத்தது. சுபம்.

இந்தச் 'சுப'த்தோடுதான் எனக்குச் சண்டை.

அது பருந்து அந்துப்பூச்சியாகவே இருக்கும் என்று குடும்பத்தைச் சுட்டியவர் வாலஸ், 1867இல். ஆரூடமாகச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஆப்பிரிக்கப் பெருநிலத்து 'மோர்கனி'யின் உறிஞ்சுகுழலை அளந்து பார்த்தார்: ஏழரை அங்குலம். இன்னும் இரண்டு மூன்று அங்குலம் நீண்டதொன்று மடகாஸ்கரில் ஏன் இருக்கலாகாது என்பது அவர் கணக்கு. நெப்டியூனைத் தேடிய வானியலாளரின் உறுதியோடு இதையும் தேடலாம் என்றார். நம் கட்டுரைகளில் வாலஸுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. (பாவம், அவருக்கு இது பழகிய விதிதான்.)

சரி, 1903இல் நிரூபணமானது எது? ராத்சைல்டும் ஜோர்டனும் 'ப்ரெடிக்டா', அதாவது முன்னுரைக்கப்பட்டது, என்று பெயரிட்டார்கள். ஆனால் மோர்கனியின் துணையினமாக மட்டுமே வைத்தார்கள். அது அம்மலரில் தேனருந்தியதை அன்று எவரும் கண்டிருக்கவில்லை. வாசர்தால் அதை ஆராய்ந்து பதிவுசெய்தது 1990களில். ஆக, 1903இன் கையிருப்பு நீண்ட குழலுடைய ஒரு பூச்சி; அவ்வளவே.

துணையினம் என்ற அந்த ஒட்டு 118 ஆண்டுகள் நீடித்தது. 2021இல்தான் மினே, லீஸ், ரூஜெரி முதலானோர் இதைத் தனியினம் என நிறுவினர். மரபணுப் பட்டைக்குறியில் 7.8 சதவீதம் வரை வேறுபாடு, அடிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல், 28.5 சென்டிமீட்டர் வரை எட்டிய குழல். "புதிய இனம் கண்டுபிடிப்பு" என்று உடனே முழங்கிய செய்தித்தாள்களை என்னென்பது!

"பூச்சி அதேதானே, பெயர்ப்பலகைதானே மாறியது?" என்பார் சிலர். அல்ல. துணையினம் என்றால் அது பெருநிலத்துப் பூச்சியின் தீவுச் சாயல். தனியினம் என்றால் மடகாஸ்கரில் அன்றி உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். அக்காடு அழிந்தால் ஆப்பிரிக்காவிலிருந்து ஈடுசெய்ய முடியாத உயிர். இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தெளிவாக்கியவர்கள், பெட்டிகளில் குத்தி வைத்த பூச்சிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டவர்கள். அவர்களைக் குமாஸ்தாக்களாக்கி, மேதையின் ஒற்றை வாக்கைப் புராணமாக்கும் எழுத்தை அறிவியல் எழுத்து என நான் ஒப்புவதற்கில்லை.