வில்கின்சன் துரையின் அகராதியும் நம் கடமையும்

சென்ற சனிக்கிழமை மாலை நம்மூர் மண்டபமொன்றில், மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர்களுள் பாண்டித்தியத்தில் முன்வரிசையில் வைக்கத் தக்கவரான ரிச்சர்ட் ஜேம்ஸ் வில்கின்சனைப் பற்றி நிகழ்ந்த பிரசங்கம் எனக்குப் பெரும் ஆனந்தத்தைத் தந்து, முடிவில் அதனினும் பெரிய மனத்தாங்கலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிரசங்கியார் நன்றாகவே பேசினார். கேள்வி நேரத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அவரு இங்க ரெசிடெண்டா இருந்த காலத்துலதான் எங்க தாத்தா கப்பல் ஏறி லாபு பக்கம் வந்தாரு. நம்ம ஆளுங்களப் பத்தி அவரு ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காரா?" என்று மரியாதையாகக் கேட்டார். "அதெல்லாம் லேபர் ஆபீஸ் விவகாரங்க, இவரு மலாய் அறிஞர்" என்று விடை வந்தது, உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் விடையா?

வில்கின்சனின் உத்தியோக சரித்திரத்தில் குறை தேடுவது என் நோக்கமன்று. அது வியந்து படிக்க வேண்டிய சரித்திரம். 1867-இல் சலோனிகா நகரில் பிரிட்டிஷ் கான்சல் ஒருவரின் மைந்தராகப் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, 1889-இல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்க சேவையில் சேர்ந்த அவர், கச்சேரிக் கோப்புகளோடு தம் கடமை முடிந்துவிட்டதென்று இராமல், மலாய் மக்களின் பேச்சையும் பழமொழியையும் வழக்காறுகளையும் திரட்டுவதையே ஜீவிய கைங்கரியமாகக் கொண்டார். அவருடைய மலாய்–ஆங்கில அகராதி 1901 முதல் 1903 வரை சிங்கப்பூரில் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1903-இல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் பதவிக்கு வந்ததும், கிராமப் பள்ளிகளுக்கு நூலகம் அமைத்தார். ரோமன் எழுத்தில் மலாயை எழுத ஒரு முறை வகுத்தார். 1905-இல் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி தோன்றக் காரணமானார். 1910-இல் நெகிரி செம்பிலானின் ரெசிடெண்டாகி, தாய்வழி உரிமையைப் போற்றும் இம்மாநிலத்து அடாட் முறைகளைக் கேட்டறிந்து, மறு ஆண்டே அவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் சிங்கப்பூரில் காலனிச் செயலாளர், 1916 முதல் 1922 வரை ஆப்பிரிக்காவில் சியெரா லியோனின் கவர்னர் என்று உயர்ந்து, ஓய்வு பெற்றபின் கிரேக்கத் தீவொன்றில் குடியிருந்துகொண்டு, தம் அகராதியை விரிவாக்கி 1932-இல் மிதிலினி நகரில் இரண்டு பெருந்தொகுதிகளாக அச்சிட்டார். 1941 டிசம்பர் 5-ஆம் தேதி இஸ்மீரில் அவர் காலமான மூன்றாம் நாள், ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள்.

இத்தகைய மனிதர் மாநிலத் தலைநகராகிய சிரம்பானில் அதிகாரம் செலுத்திய அந்த 1910-ஆம் ஆண்டு, நம் முன்னோர்க்கு எத்தகைய ஆண்டாக இருந்தது? ஏப்ரல் மாதத்தில் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங் 9 பென்ஸுக்கு ஏறியது. காப்பி வீழ்ந்துபோன நிலங்களிலும், புதிதாகக் காடழித்த மேடுகளிலும், கித்தாக் கன்றுகள் வரிசை வரிசையாக நடப்பட்டன. ஒப்பந்தக் கூலிமுறை அவ்வாண்டே சட்டப்படி நிறுத்தப்பட்டது. கங்காணிமார் சொந்த ஊருக்குப் போய் ஆள் சேர்த்துவரும் முறையே தழைத்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்களை லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி என்று தோட்டந்தோட்டமாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். காடழிந்த இடமெங்கும் மலேரியா பரவியது. 1911-இல் கூட்டாட்சி மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்க்கு 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான்கு மாநிலங்களிலும் மிகக் கொடிய நிலை நம் நெகிரி செம்பிலானிலேயே இருந்தது. மரணத்தின் எண்ணிக்கை அரசாங்க அறிக்கையில் ஏறிற்று. மாண்டவர்கள் என்ன பேசினார்கள், எந்தத் தெய்வத்தை எந்த மரத்தடியில் வைத்து வணங்கினார்கள், காய்ச்சலில் பிதற்றியபோது எந்த ஊரைச் சொல்லி அழுதார்கள் என்பது எதிலும் ஏறவில்லை.

இவ்விடத்தில் இன்னொரு புஸ்தகத்தையும் சொல்லியாக வேண்டும். 1915-இல் இலங்கையில் வெல்ஸ் என்பவர், தேயிலை ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் புரிந்துகொள்ளும் தமிழைத் துரைமார்க்குக் கற்பிக்கும் பொருட்டு 'கூலித் தமிழ்' என்ற பெயரில் ஒரு கைந்நூல் வெளியிட்டார். வில்கின்சன் மலாய் மொழியைப் பயின்றது அம்மக்களின் உள்ளத்தை அறிவதற்கு; இந்தக் கைந்நூலின் வழியே துரைமார் தமிழ் பயின்றது வேலை வாங்குவதற்கு. திருக்குறளுக்கு உரை வகுத்த எல்லிஸ் துரையைச் சென்னையில் பெற்ற நம் மொழிக்கு, கடல் கடந்து வந்த இடத்தில் வாய்த்தது இவ்வளவே.

ஆயினும் என் மனத்தாங்கல் அந்நியர் மீதன்று. வில்கின்சன் தம் நாட்டமும் பதவியும் இட்ட வழியில் சென்றார். அவர் நமக்கும் ஓர் அகராதி செய்து வைத்திருக்க வேண்டுமென்று வழக்குப் பேச எனக்கு நியாயம் இல்லை. நூறாண்டுக்கு மேலாக இம்மண்ணில் வேர் ஊன்றி, பள்ளிகள் கண்டு, பத்திரிகைகள் கண்டு, வக்கீல்களையும் வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் ஈன்றெடுத்த நாம் ஏன் செய்யவில்லை என்பதே என் வழக்கு.

தோட்டத் தொழிலாளரின் வருகைப் பேரேடுகளான செக்ரோல் புத்தகங்களைப் பற்றி நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்பது இப்பத்தியை விடாது வாசிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். இடப்பக்கம் எண்ணும் பெயரும், அதைத் தொடர்ந்து மாதத்தின் நாட்களுக்கெல்லாம் கட்டம் கட்டமாகக் கோடுகளும், கடைசியில் அரிசிக்கும் முன்பணத்துக்கும் பிடித்த தொகையும் கொண்ட அந்த நீண்ட பேரேடுகள்தாம், விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட நம் பாட்டனும் பாட்டியும் கைகட்டி நின்றதற்கு எஞ்சிய சாட்சியம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் வீடமைப்பு நிலங்களாகியும் போனபோது, அவற்றுள் பெரும்பகுதியைக் கரையானுக்கும் நெருப்புக்கும் கொடுத்துவிட்டோம். காகிதம் போனபின் நமக்கு மிஞ்சியிருக்கும் சுவடி, லயத்தில் பிறந்து வளர்ந்த முதியோரின் வாய்மொழி ஒன்றுதான்.

அந்த வாய்மொழியின் செழுமையை அண்மையில் ஓர் அம்மையாரிடம் கண்டேன். எண்பதைக் கடந்தவர், இப்போது மகன் வீட்டில், தரை ஓடு பளபளக்கும் அடுக்கு மாடியில் இருக்கிறார். பால் வெட்டுவது எப்படி என்று கேட்டதும், மேசைமேல் கிடந்த பென்சிலையே உளியாகப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல கோட்டுப்பால உரிச்சிடணும் தம்பி, அப்புறம்தான் உளி வைக்கணும். பட்டை ஒரே சீரா சீவிக்கிட்டு வரணும். ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், தண்டல் வந்து சத்தம் போடுவாரு. பீலியில பால் எறங்குறதப் பாத்துட்டுத்தான் மங்கக் கவுத்து வைக்காம நிமித்தி வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, சாய்ந்த கோடொன்றை இடப்புறமிருந்து வலப்புறம் காற்றில் இழுத்த அந்த விரல்களுக்கு நடுக்கமே இல்லை. நிரை, தீம்பார், ஒட்டுப்பால், காண்டா, ஆயாக் கொட்டகை என்று அவர் பேச்சில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தவற்றை, அடுத்த அறையில் இருந்த பேத்தி பாதிக்குமேல் அறியமாட்டாள். ஒரு தொழிலின் முழு சாஸ்திரமும், ஒரு சமூகத்தின் பயமும் கெட்டிக்காரத்தனமும் அச்சொற்களுக்குள் இருக்கின்றன. அவற்றை உடையவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள்.

இதற்குப் பெரிய ஸ்தாபனமும் மானியமும் வேண்டுமென்று சொல்லிக் காலம் தாழ்த்துவோர்க்கு, இடைசெவல் என்னும் கரிசல் கிராமத்து விவசாயி கி. ராஜநாராயணனை நினைவூட்டுகிறேன். கல்லூரி வாசலை மிதியாத அவர், நண்பர்களின் துணையோடு தம் மக்களின் பேச்சைத் திரட்டி 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். அவருக்கு அதிகாரமும் இல்லை, செல்வமும் இல்லை. தம் ஜனங்களின் பேச்சு கௌரவம் வாய்ந்தது என்ற நிச்சயம் இருந்தது. அந்த நிச்சயம்தான் நம்மிடம் குறைவு. தோட்டத்துப் பேச்சைக் கொச்சையென்று பிள்ளைகளைக் கடிந்து திருத்திய காலம் போதும். செந்தமிழை மேடைக்குக் கற்பிப்போம், தீம்பார்த் தமிழை ஏட்டில் பதிவோம், இரண்டும் நம்முடையவை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் உழைத்த தாத்தாவோ பாட்டியோ அத்தையோ இருந்தால், வருகிற ஞாயிறன்று அருகில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல், அதன் பொருள், எந்தத் தோட்டத்தில் வழங்கியது, எந்த வேலையின்போது சொல்வார்கள் என்னும் நான்கையும் எழுதி இப்பத்திரிகையின் முகவரிக்கு அனுப்புங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதையே மாணவர்க்கு விடுமுறைப் பணியாகத் தந்தால் வேலை விரைவில் வளரும். வருவனவற்றை மாதம் ஒருமுறை இப்பத்தியில் வெளியிடுகிறேன். அகரவரிசைப்படுத்தி ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னுடையது.