ஒரு பாத்தி தள்ளி

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அக்காள் வீட்டுக்காரரின் அண்ணன். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் உப்பளத்தில் பொழுது அந்த நேரத்துக்கே தொடங்கிவிடும்.

“தம்பி, நீங்க ஒட்டிட்டுப் போன தாள்ல 25 டிகிரியில தண்ணிய அடுத்த பாத்திக்கு விடுன்னு போட்டிருக்கு. 25லதான உப்பே பூக்கும்? 30ல மடையத் திறக்காதேன்னு போட்டிருக்கு. 30ல திறக்கலன்னா உப்பு கசந்துடும். யாரு எழுதுனது இது?”

அந்தத் தாளை ஆள் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஒரு மென்பொருள் தொகுத்துக் கொடுத்தது. அதில் வந்த பிழையைக் கண்டுபிடித்தவர், கணினியைத் தொட்டே பார்த்திராத அந்தப் பெரியவர். நானும் என் அக்காள் மகனும் அதே தாளை மூன்று முறை பார்த்திருந்தோம். அழகாக வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டோமே தவிர, ஒரு வரியையும் படிக்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பு எப்படி விளைகிறது என்பது தெரிந்தால்தான் பெரியவருக்கு ஏன் அத்தனை பதற்றம் என்பது புரியும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறக்குறைய 3 டிகிரி. வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைக்க, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் முன்னேறுகிறது. 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். அது வழியிலேயே தங்கிவிட வேண்டும். உப்புப் பாத்திக்குள் வரக்கூடாது. 25ஐத் தொட்டதும் உப்பு பூக்கும். அப்போது தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். 29, 30 ஆகும்போது மிச்சமிருக்கும் நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்துவிடும். அந்தக் கசப்புத் தண்ணீரை உடனே வெளியேற்றாவிட்டால் உப்பில் கசப்பேறும், குவித்து வைத்தாலும் ஈரம் வாங்கிக் கசியும். டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்துப் பார்த்து இவர்களுக்கு இது உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது.

அக்காள் மகன் பொறியியல் படிக்கிறான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இந்த அளங்களெல்லாம் வெள்ளத்தில் கிடந்தன. வரப்புகளைத் திரும்ப எடுத்துக் கட்டும்போது பெரியப்பாவோடு அவனும் மண் சுமந்தான். அங்கே தோன்றிய யோசனைதான் இந்தக் கருவி. ஆர்டுயினோ பலகை ஒன்று, உப்புச் செறிவை அளக்கும் உணரி ஒன்று, மோட்டாரை இயக்கும் சுவிட்ச் ஒன்று. நிரலை அவனே எழுதினான். நிரலுக்கு நடுவே விளக்கமாக எழுதும் குறிப்புகளை, அதாவது கமென்ட் முழுவதையும் தமிழிலேயே எழுதியிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இந்தக் குறிப்புகளைத் தொகுத்து ஒரு தாளாக அச்சிட்டு மோட்டார் கொட்டகையில் ஒட்டினால் வேலை செய்கிறவர்களுக்கும் உதவும் என்று சொன்னவன் நான்தான்.

நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. நிரல் என்பது முதலில் மனிதர் படிப்பதற்காக எழுதப்பட வேண்டும் என்று டொனால்ட் க்னூத் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே கோப்பிலிருந்து இயங்கும் நிரலைப் பிரித்தெடுக்க ஒரு கருவி, படிக்கும் பிரதியைப் பிரித்தெடுக்க ஒரு கருவி என்று செய்தும் காட்டினார். பிறகு ஜாவா மொழியோடு, நிரலின் கமென்ட்டுகளைத் தொகுத்து ஆவணமாக்கும் ஜாவாடாக் வந்தது. அதே வேலைக்காக டிமித்ரி வான் ஹீஷ் 1997இல் வெளியிட்ட டாக்ஸிஜன் சி, சி++ நிரல்களுக்குப் பெரிதும் பயன்படுகிறது. கமென்ட்டின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடும் ஒரு உடுக்குறியும் இருந்தால் டாக்ஸிஜன் அதைக் கடந்து போய்விடும். உடுக்குறி இரண்டாக இருந்தால், இது ஆவணத்துக்கு உரியது என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு உடுக்குறிதான் வித்தியாசம்.

பையனின் நிரலில் டாக்ஸிஜனை முதல்முறை ஓட்டியபோது முகப்புப் பக்கம் மட்டும் வந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இந்த வேலையில் பலரும் முதலில் முட்டிக்கொள்கிற இடம் இதுதான். டாக்ஸிஜன் எந்தெந்தக் கோப்புகளைத் திறக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஆர்டுயினோ கோப்புகளின் பெயர் ‘.ஐஎன்ஓ’ என்று முடியும். பட்டியலில் அந்த முடிவு இல்லை. கோப்பு அங்கேயே இருந்தும் கருவி அதைத் திறக்கவே இல்லை. உட்கோப்புறைகளுக்குள்ளும், நாம் தனியாகச் சொல்லாதவரை, அது இறங்காது. பட்டியலில் அந்த முடிவைச் சேர்த்து, இதை சி++ ஆகப் படி என்று இன்னொரு வரியும் எழுதினோம்.

அடுத்த ஓட்டத்தில் கருவி கோப்பைத் திறந்தது, உள்ளே இருக்கும் செயல்கூறுகள் வரவில்லை. எந்த வகுப்புக்குள்ளும் அடங்காமல் கோப்பில் தனித்து நிற்கும் செயல்கூறுகளும் மாறிலிகளும் ஆவணத்தில் வர வேண்டுமானால், அந்தக் கோப்பைப் பற்றியே தலைப்பில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இது ஒரு கோப்பு, இன்ன வேலைக்கு உரியது என்ற இரண்டு வரி போதும். அது இல்லாவிட்டால், ஒவ்வொரு செயல்கூறுக்கும் எவ்வளவு அக்கறையாக விளக்கம் எழுதியிருந்தாலும் அத்தனையும் விடுபட்டுப் போகும்.

அந்த இரண்டு வரியை எழுதியிருக்க வேண்டும். நாங்கள் எழுதவில்லை. “மாமா, ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணிடலாம்” என்றான் பையன். எல்லாவற்றையும் எடு என்று பொருள்படும் அமைப்பு அது. போட்டோம், மொத்தமும் கொட்டியது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். அந்த நிமிடத்தில்தான் உண்மையான பிரச்சினைக்குக் கதவைத் திறந்துவிட்டோம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நடுவில் வேறு இரண்டு சிக்கல்கள் இருந்தன. உணரியைப் படிக்கும் பகுதி முழுவதும் ‘இன்ன உணரி பொருத்தியிருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனைக்குள் எழுதப்பட்டிருந்தது. நிரலைத் தொகுக்கும்போது அந்த நிபந்தனையை நாம் கட்டளையில் சொல்லிவிடுகிறோம். டாக்ஸிஜனிடம் யாரும் சொல்லவில்லை. அது நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டது. அதற்கென்று உள்ள ‘ப்ரீடிஃபைன்ட்’ வரியில் பெயரைச் சேர்த்ததும் சரியானது.

இன்னொன்று என்னுடையது. அலகு மாற்றும் பழைய கோப்பு ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தேன், பல வருடங்களுக்கு முன் நான் எழுதியது. அதன் கமென்ட்டுகள் தகுதரத்தில், அதாவது டிஸ்கி குறியேற்றத்தில் இருந்தன. டாக்ஸிஜன் உள்ளே வருவதெல்லாம் யூனிகோடின் யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். என் தமிழ் வெறும் குப்பை எழுத்துகளாக வந்து விழுந்தது. 1999இல் சென்னை தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்று தரங்கள் வகுத்ததும், 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றதும் வரலாறாகப் படிக்கத் தெரிகிறது. அந்த இடைப்பட்ட காலத்தில் நாம் எழுதிவைத்த எத்தனை கோப்புகள் இப்படிப் படிக்கமுடியாமல் கிடக்கின்றன என்று எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. நல்லவேளையாக, லினக்ஸில் இருக்கும் ‘ஐகான்வ்’ என்ற கருவிக்குத் தகுதரம் தெரியும். ஒரே கட்டளையில் மாற்றிவிட்டது. பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பெரியவர் கண்ட பிழை.

பையன் டிகிரி எல்லைகளை நான்கு மாறிலிகளாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தான். ஒவ்வொன்றின் குறிப்பும் அதே வரியின் முடிவில். 3: கடல்தண்ணியை ஏற்று. 13: ஜிப்சம் படியட்டும், தெளிந்த தண்ணியை அடுத்த பாத்திக்கு விடு. 25: உப்பு பூக்கும், மடையைத் திறக்காதே. 30: கசப்புத் தண்ணியை வெளியேற்று. நிரலைத் திறந்து பார்க்கிற எவருக்கும் எந்தக் குறிப்பு எதற்கு என்பதில் சந்தேகமே வராது.

டாக்ஸிஜனுக்கு வரி என்பது பொருட்டில்லை. ஒரு குறிப்பைக் கண்டால், அதற்கு அடுத்து எது வருகிறதோ அதனுடையது என்று கொள்ளும். பின்னால் எழுதிய குறிப்பு முன்னே இருப்பதைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால், குறிப்பின் தொடக்கத்தில் ‘<’ என்ற குறியைச் சேர்க்க வேண்டும். முன்னால் இருப்பதைப் பார் என்று காட்டும் அம்பு அது. அவன் சேர்க்கவில்லை. எனவே ஒவ்வொரு குறிப்பும் ஒரு பாத்தி தள்ளிப் போய் உட்கார்ந்தது. 3க்கு விளக்கம் இல்லை. 3உடையது 13க்கு, 13உடையது 25க்கு, 25உடையது 30க்கு. 30உடைய ‘கசப்புத் தண்ணியை வெளியேற்று’ என்பது அதற்கடுத்து இருந்த மோட்டார் கம்பியின் எண்ணுக்குப் போய்விட்டது. எழுத்து ஒன்றுகூடப் பிழையில்லை. எல்லாம் ஓர் இடம் தள்ளி.

உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். ஏட்டில் புள்ளி இல்லை, பத்தி பிரிப்பில்லை. மூலமும் உரையும் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும். 1887இல் நச்சினார்க்கினியர் உரையோடு சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், எது மூலம், எது உரை, இந்த உரை எந்தப் பாட்டுக்கு என்று அவர் பிரித்தெடுத்தது பொருளை வைத்து. இந்தச் சொல் இந்த இடத்தில் நிற்குமா என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தார். டாக்ஸிஜன் பிரிப்பது குறியை வைத்து மட்டும். அதை நாம் குறையாகச் சொல்ல முடியாது. பொருள் பார்ப்பதாக அது எங்கும் சொல்லவில்லை. பொருள் பார்க்க வேண்டிய நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. விளக்கம் இல்லாத உறுப்பைக் கண்டால் டாக்ஸிஜன் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை இயல்பாகவே இயக்கத்தில் இருப்பது. 3 டிகிரி மாறிலிக்கு விளக்கம் இல்லை என்று அது சொல்லியிருக்கும். ‘முதல் வரிக்கே இல்லையா, நான் எழுதினேனே’ என்று பையன் திரும்பிப் பார்த்திருப்பான். அங்கேயே பிடிபட்டிருக்கும். ஆனால் ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ போட்டால் அந்த எச்சரிக்கை தானாக அணைந்துவிடும். எல்லாவற்றுக்கும் விளக்கம் இருப்பதாகக் கொள் என்று நாம் சொல்லிவிட்டோம் அல்லவா? காலிப் பக்கத்தை நிரப்ப நாங்கள் எடுத்த குறுக்குவழிதான், தவறான பக்கத்தைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய குரலையும் அடைத்தது. இது கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அன்று நாங்கள் அதைப் படிக்கவில்லை.

காலியாக வரும் பக்கத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஏதோ சரியில்லை என்று அதுவே சொல்லிவிடும். நிறைந்து வந்து, வரிசையாக, நேர்த்தியாக, தவறாக நிற்கும் பக்கத்துக்குத்தான் நான் அஞ்சுகிறேன். நிரல் சரியாகத்தான் ஓடியது; மோட்டார் சரியான நேரத்தில்தான் நின்றது. ஆனால் கருவி பழுதாகும் நாளில், மின்சாரம் இல்லாத நாளில், புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து மடையைத் திறந்திருப்பார். சில நாள் வெயிலில் விளைந்தது அடுத்த பாத்திக்குப் போயிருக்கும்.

அன்று சாயங்காலமே இருவரும் உட்கார்ந்தோம். ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ஐ அணைத்தோம். கோப்பின் தலைப்பில் எழுத வேண்டிய இரண்டு வரியை எழுதினோம். எச்சரிக்கைகள் தனிக் கோப்பில் சேரும்படி அமைத்து, ஒவ்வொன்றாகப் படித்தோம். 3 டிகிரி மாறிலிக்கு விளக்கம் இல்லை என்ற வரி அங்கே இருந்தது. நான்கு இடங்களில் ‘<’ போட்டோம். எச்சரிக்கை ஒன்று இருந்தாலும் பிழையாகக் கொண்டு நின்றுவிடு என்ற அமைப்பையும் போட்டான் பையன். நான் சொல்லாமல் அவனாகவே செய்தான்.

ஒட்டுமுன் புதுத் தாளை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனோம். பெரியவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். 13இல் நிறுத்தி, “இங்க ‘ரெண்டு நாள் பொறு’ன்னு ஒண்ணு சேர்த்துக்க. தெளியறதுக்குள்ள விட்டுட்றானுங்க” என்றார். அது எங்கள் நிரலிலும் இல்லை, குறிப்பிலும் இல்லை. பையன் நிரலில் அந்தக் காத்திருப்பைச் சேர்த்தான், பிறகு குறிப்பில் சேர்த்தான், மறுபடி ஓட்டினான்.

இப்போது கொட்டகைச் சுவரில் ஒட்டியிருப்பது அந்தத் தாள். பழையதைக் கிழித்துப்போடப் போனேன். பெரியவர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பின்பக்கத்தில் இப்போது தினமும் டிகிரிக் கணக்கு எழுதுகிறார்.